முகமூடிகளின் சரித்திரம்: பெயரற்ற உருவமும் பெயர் மறைத்த ஆசிரியர்களும்

அத்தியாயம் 9

அயர்லாந்தின் குடியானவர்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சந்தியில் தீ மூட்டிக் கொண்டாடிய சவின் என்னும் பண்டிகை, கிறிஸ்தவ சமயம் பரவியபின் சகல புனிதர்களின் திருநாளுக்கு முந்தைய இரவாக உருமாறி, 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வெளியேறிய ஏழை மக்களோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்க மண்ணில் வேரூன்றிய விதத்தையும், டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கின் ஸ்தானத்தை அங்கே பரங்கிக்காய் பிடித்துக்கொண்ட விதத்தையும், பிள்ளைகள் வேஷமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் வழக்கம் இரண்டாம் உலக யுத்தத்தின் சர்க்கரைப் பங்கீடு நீங்கிய பிறகு நாடெங்கும் நிலைபெற்ற விதத்தையும் சென்ற அத்தியாயங்களில் கண்டோம். ஸ்லாஷர் படங்கள் என்று ரசிகர்கள் வழங்கும் கத்திக் கொலைப் படங்கள் அப்பண்டிகையோடு பிணைந்த வரலாறு இனித் தொடங்குகிறது. திரையில் தோன்றிய கொலையாளிகளை உலகம் அறியும். அவர்களுக்கு அச்சில் ஒரு பூர்வகதையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் பெயரை மறைத்துக்கொண்ட எழுத்தாளர்களை மிகச் சிலரே அறிவர். இவ்விரு சாராரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகாது என்பது என் அபிப்பிராயம்.

சினிமா என்னும் கலை தோன்றி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஹாலோவீன் இரவுக்குத் தனக்கென்று ஓர் அசுரன் இருக்கவில்லை. டிராகுலா பிரபுவும், ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த பிணமனிதனும், ஓநாய் மனிதனும் அக்டோபர் மாதத்துக் கடைகளில் முகமூடிகளாகத் தொங்கினார்கள் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் யாவரும் ஐரோப்பியக் கோட்டைகளிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் வந்த விருந்தாளிகள். அமெரிக்கச் சிற்றூரின் தெருவில், புல்தரையும் மரநிழலும் உள்ள வரிசை வீடுகளுக்கு நடுவே, அந்த ஓர் இரவில் பிறந்து அந்த ஓர் இரவுக்கே உரியவனாக எவனும் இல்லை. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி மிஸௌரி மாகாணத்துக் கான்ஸஸ் நகரத்தில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற 'ஹாலோவீன்' அந்தக் குறையை நீக்கியது.

அதை எடுத்தவர்களிடம் பணம் இல்லை. வீடுகளில் மாலை வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம்பெண்களை ஒரு கொலைகாரன் தொடர்வதாக ஒரு படம் வேண்டும் என்ற யோசனையைச் சொன்னவர் இர்வின் யாப்லான்ஸ். கதை முழுவதையும் ஹாலோவீன் இரவில் அமைத்து அப்பண்டிகையின் பெயரையே படத்துக்குச் சூட்டலாம் என்று பிறகு சொன்னவரும் அவரே. சுமார் மூன்று லட்சம் டாலரைத் தந்தவர் சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முஸ்தஃபா அக்காத். இயக்கிய ஜான் கார்ப்பென்டருக்கு அப்போது முப்பது வயது. அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய டெப்ரா ஹில், தாம் வளர்ந்த நியூ ஜெர்ஸி மாகாணத்து ஊரின் பெயராகிய ஹாடன்ஃபீல்ட் என்பதையே கதை நிகழும் கற்பனை ஊருக்கு இட்டு, அதை இல்லினாய் மாகாணத்தில் கொண்டுபோய் வைத்தார். சங்கீதத்துக்கு வேறொருவரை அமர்த்த வசதியில்லாமையால், இசைப் பேராசிரியராகிய தம் தந்தை சிறுவயதில் தமக்குக் கற்பித்த ஐந்து அட்சரத் தாளத்தை எடுத்துக்கொண்டு கார்ப்பென்டர் தாமே பியானோவில் வாசித்தார். கண்ட நடையில் பழகிய காதுகளுக்கு அந்த ஐந்தின் ஓட்டம் இயல்பாகவே இருக்கும். நாலும் எட்டுமாகக் கேட்டுப் பழகியவர்களுக்கோ, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று முன்கூட்டியே வந்து நின்றுவிடுவதுபோன்ற கலக்கத்தை அது உண்டாக்குகிறது. அமெரிக்காவில் மட்டும் நாலரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்த அப்படத்தின் வெற்றியில் அந்தச் சங்கீதத்துக்குச் சரிபாதி பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

கதை இலையுதிர்காலத்தில் நடக்கிறது. படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவின் தெற்குப் பாசடீனாவில், வசந்தகாலத்தில். மரங்கள் பசுமையாக நின்றன. ஆகையால் செயற்கை இலைகளுக்குச் செம்மையும் பழுப்புமாகச் சாயம் பூசி, மூட்டையாகக் கொண்டுவந்து தெருவில் இறைத்து, ஒரு காட்சி முடிந்ததும் எல்லாரும் குனிந்து பொறுக்கி, அடுத்த தெருவுக்கு எடுத்துப்போய் மறுபடி இறைத்தார்கள். அந்தப் பருவத்தில் பரங்கிக்காய் கிடைப்பதும் எளிதாயில்லை. இன்று உலகத்தில் கோடிக்கணக்கானவர்களின் மனத்தில் அக்டோபர் மாதம் என்றதும் எழுகிற அந்தச் சருகு படிந்த நடைபாதைச் சித்திரம், ஒரு சிறு கூட்டத்தார் கையால் தூவிக் கையால் திரட்டிய இலைகளால் ஆனது.

முகமூடியின் கதை அதனினும் விசேஷமானது. படத்தின் கலை அமைப்பாளரும் தொகுப்பாளருமாகிய டாமி லீ வாலஸ், ஹாலிவுட் பெருவீதியில் இருந்த ஒரு மாயவித்தைச் சாமான் கடைக்குப் போய் இரண்டு முகமூடிகளை வாங்கிவந்தார். ஒன்று கோமாளி முகம். மற்றொன்று 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்து டான் போஸ்ட் ஸ்டூடியோவார் 1975-இல் வார்த்த ரப்பர் முகம். விலை இரண்டு டாலருக்கு இரண்டு காசு குறைவு. வாலஸ் அதன் புருவங்களையும் கிருதாவையும் நீக்கினார், கண்துளைகளைப் பெரிதாக அறுத்தார், தலைமயிரைக் கலைத்துவிட்டார், முகம் முழுவதும் வெள்ளைச் சாயத்தைத் தெளித்தார். புருவம் போனதும் முகபாவம் போயிற்று. நல்ல மனிதனா, கெட்டவனா, கோபமா, துக்கமா, எதுவும் தெரியாத ஒரு வெளிறிய வெறுமை மிஞ்சியது. அதை முதலில் ஒருவர் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அறையில் இருந்தவர்கள் கோமாளி முகத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டார்கள்.

அந்த முகமூடிக்குள் இருந்து நடந்தவர் நிக் காஸில் என்னும் கார்ப்பென்டரின் கல்லூரித் தோழர். அவருக்கு நாள் ஒன்றுக்கு இருபத்தைந்து டாலர் கூலி. படத்தின் இறுதியில் நடிகர் பெயர்கள் வரும்போது, மைக்கேல் மையர்ஸ் என்ற அந்தக் கொலையாளியின் பெயருக்குப் பதிலாக 'உருவம்' என்று மட்டுமே காஸிலுக்கு நேரே பொறித்திருக்கிறார்கள். அதுதான் கார்ப்பென்டரின் கொள்கை. 1963-ஆம் ஆண்டு ஹாலோவீன் இரவில் ஆறு வயதுப் பாலகன் தன் அக்காளைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருஷம் மனநோய் விடுதியில் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கிறான். பிறகு தப்பி ஊருக்குத் திரும்பிக் கொல்லத் தொடங்குகிறான். காரணம் யாது? படம் சொல்வதில்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லூமிஸாக வரும் டொனால்ட் பிளெசன்ஸ், அவன் கண்களுக்குப் பின்னால் தாம் கண்டது தீமை ஒன்றே என்று நடுங்குகிற குரலில் சொல்வதற்கு மேல் விளக்கம் கிடையாது.

லூமிஸ் என்ற பெயர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்திலிருந்து எடுத்தது. கதாநாயகி லாரி ஸ்ட்ரோடாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸும், அதே 'சைக்கோ'வில் குளியலறையில் கொலையுண்டவராக நடித்த ஜேனட் லீயின் புதல்வி. 1960-இல் வந்த அந்தப் படத்துக்கோ முந்தைய ஆண்டு ராபர்ட் ப்ளாக் எழுதிய நாவல் மூலம். நாவலுக்கு வித்தாக இருந்தது விஸ்கான்ஸின் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1957-இல் வெளிப்பட்ட எட் கீன் என்பவனின் கோர கிருத்தியங்கள். ஆக, தந்தைப் படத்தில் புத்தகம் முந்தியது, சினிமா பிந்தியது. பிள்ளைப் படத்தில் அது தலைகீழாயிற்று.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதோ சற்று முன்னரோ அதன் திரைக்கதையை நாவலாக எழுதி மலிவுப் பதிப்பாக விற்கும் தொழில், பேசாப் பட காலத்திலேயே அமெரிக்காவில் வளர்ந்திருந்தது. 'கிங் காங்' படம் 1933-இல் திரைக்கு வருமுன்பே, 1932-இன் கடைசியில், டெலாஸ் லவ்லேஸ் எழுதிய நாவல் கடைக்கு வந்துவிட்டது. டாட் ப்ரௌனிங் இயக்க லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்னும் 1927-ஆம் ஆண்டுப் படத்தின் கடைசிப் பிரதி, 1960-களில் எம்.ஜி.எம். கம்பெனியின் சேமிப்பறை தீப்பற்றியபோது எரிந்து போயிற்று. ஆனால் மேரி கூலிட்ஜ்-ராஸ்க் என்ற மாது அதை நாவலாக்கி 1928-இல் பிரசுரித்த புத்தகம் இன்றும் இருக்கிறது. அந்தப் படத்தைக் காணக் கொடுத்துவைக்காதவர்கள் அவருடைய பக்கங்களில்தான் அந்தக் கதை நிகழ்வதைத் தொடர்ந்து காணவேண்டும். படநாவலைச் சில்லறைச் சரக்கென்று தள்ளுகிறவர்களுக்கு இந்த ஓர் உதாரணமே போதுமென்று நினைக்கிறேன்.

வீடியோ நாடா பரவாத நாட்களில், பார்த்த படத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேறு மார்க்கம் கிடையாது. தியேட்டரிலிருந்து படம் எடுக்கப்பட்டுவிட்டால் அது மறுபடி வருமா என்பதே சந்தேகம். வயது போதாமையால் உள்ளே அனுமதிக்கப்படாத பள்ளிப் பிள்ளைகளோ, மருந்துக்கடையின் சுழலும் கம்பி அலமாரியில் செருகியிருந்த புத்தகத்தை வாங்கி, படத்தைப் பார்க்காமலே அறிந்துகொண்டார்கள். 1976-இல் 'தி ஓமன்' படத்தின் திரைக்கதையை எழுதிய டேவிட் செல்ட்ஸர் தாமே அதை நாவலாக்கிப் படத்துக்கு முன்பே வெளியிட, அது லட்சக்கணக்கில் விற்றது. திரையில் ராபர்ட் தார்ன் என்றிருக்கும் தந்தை, நாவலில் ஜெரமி தார்ன் என்றிருப்பதைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. அந்த வெற்றிக்குப் பிறகு, எந்தப் பயங்கரப் படம் தயாரானாலும் கூடவே ஒரு நாவலும் தயாராகவேண்டும் என்பது பிரசுரகர்த்தர்களின் நியதியாயிற்று.

அந்த நாவலாசிரியரின் நிலை இரங்கத்தக்கது. முடிந்த படத்தை அவருக்குக் காட்டுவது அரிது. படப்பிடிப்புக்கு முந்தைய ஏதோ ஒரு திரைக்கதைப் பிரதியை அனுப்புவார்கள். சில வாரங்களுக்குள் இருநூறு பக்கம் தரவேண்டும். பெரும்பாலும் ஒருதரம் தரும் தொகையோடு சரி. கதையின் உரிமை கம்பெனிக்கு. நூறு பக்கத் திரைக்கதையில் வசனமும் நடமாட்டமுமே இருக்கும். அதை அப்படியே உரைநடையாக்கினால் பாதிப் புத்தகம்கூட நிரம்பாது. எஞ்சியதை அவர் தம் கற்பனையால் இட்டு நிரப்பவேண்டும். அப்படி நிரப்பிய இடங்களிலேதான், படம் சொல்லாமல் விட்ட சங்கதிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. படத்தொகுப்பில் வெட்டி எறிந்த காட்சிகளும், படப்பிடிப்புக்கே போகாத காட்சிகளும் பழைய பிரதியிலிருந்து அவர் கைவழியே அச்சேறிவிடுவதால், ஒரு படத்தின் கரு எப்படி இருந்து எப்படி மாறிற்று என்பதை ஆராய்பவனுக்கு இப்புத்தகங்கள் சாசனம் போன்றவை.

'ஹாலோவீன்' நாவலை பான்டம் கம்பெனியார் 1979-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டார்கள். அட்டையில் ஆசிரியர் பெயர் கர்ட்டிஸ் ரிச்சர்ட்ஸ். அப்படியொருவர் இல்லை, நியூயார்க்கில் எழுத்தாளர்களுக்குப் பிரதிநிதியாகத் தொழில் புரிந்த ரிச்சர்ட் கர்ட்டிஸ் என்பவர் தம் பெயரை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதியது. வெள்ளை முகமூடியின் உள்ளே காஸில் மறைந்திருந்ததைப் போலவே, இந்தத் திருப்பிய பெயருக்குள் அவர் மறைந்திருந்தார்.

புத்தகத்தைத் திறந்தவுடன் ஹாடன்ஃபீல்ட் தென்படுவதில்லை. பனிமூட்டம் கவிந்த பண்டைய அயர்லாந்தில், சவின் திருநாளின் முந்திய இரவில் கதை தொடங்குகிறது. உடல் ஊனத்தோடு பிறந்த எண்டா என்னும் பதினைந்து வயது இளைஞன், அரசன் மகளாகிய டெயர்ட்ரேயின்மேல் ஆசை வைக்கிறான். அவள் வேறொருவனுக்கு நிச்சயமானவள். தன் ஆசையை வெளியிட்டவனுக்குக் கிடைப்பது ஏளனமும் அவமானமும். பண்டிகைத் தீயைச் சுற்றி ஊர் கூடி ஆடுகிற வேளையில், அவன் கத்தியோடு பாய்ந்து அவளையும் அவளை மணக்கவிருந்தவனையும் கொன்றுவிடுகிறான். கூட்டத்தார் அவனை அங்கேயே கொல்கிறார்கள். அதோடு அரசன் ஆறவில்லை. அவன் ஆன்மா சாந்தியடையாமல் உலகம் உள்ளளவும் அலைந்து, செய்த பாதகத்தையும் பெற்ற தண்டனையையும் திரும்பத் திரும்ப அனுபவிக்கக் கடவது என்று சாபமிடச் செய்கிறான். அங்கிருந்து ஒரே தாவாக 1963-ஆம் ஆண்டு இல்லினாய்க்கு வருகிறார் ஆசிரியர். ஆறு வயது மைக்கேலுக்குக் குரல்கள் கேட்கின்றன, கனவுகள் வருகின்றன. தாயும் பாட்டியும் கவலையோடு பேசிக்கொள்வதிலிருந்து, அந்தக் குடும்பத்தில் முன்பொருவருக்கும் இத்தகைய குரல்கள் கேட்டதும் அது கொலையில் போய் முடிந்ததும் வெளிவருகின்றன. படம் ஒரு நொடியில் தாண்டிச் சென்ற பதினைந்து வருஷ விடுதி வாழ்க்கையையும், பையனுக்கும் டாக்டர் லூமிஸுக்கும் இடையே மௌனமாக நடந்த போரையும் நாவல் நின்று நிதானமாகச் சொல்கிறது.

கார்ப்பென்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய காரணத்தை ரிச்சர்ட் கர்ட்டிஸ் உள்ளே கொண்டுவந்துவிட்டார் என்று குறைகூறும் ரசிகர்கள் பலர். காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்பது அவர்கள் வாதம். திரையைப் பொறுத்தவரையில் அது நியாயமே. திரையில் ஓர் உருவம் வாய்திறவாமல் வேலியோரத்தில் நின்றால் பார்ப்பவனின் மனமே அதற்குள் புகுந்து ஆயிரம் அர்த்தம் கற்பித்துக்கொள்ளும். அச்சிலே அது செல்லாது. உரைநடையின் பலம் உள்ளே நுழைவதில் இருக்கிறது. நுழைய மறுக்கிற நாவலாசிரியனுக்கு எழுதுவதற்குக் கதவும் ஜன்னலும் மாத்திரமே மிஞ்சும். ஆகவே அவர் உள்ளே நுழைந்தார். நுழைந்து அவர் கண்டெடுத்த பொருள், அந்தப் பண்டிகையின் சொந்தச் சரித்திரம். சந்தோஷமாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளின் தெருவுக்கடியில் ஒரு பழைய தீ அவியாமல் இருக்கிறது என்று முதலில் சொன்னது படமன்று, இந்த மலிவுப் பதிப்பு. இரண்டாண்டு கழித்து வந்த 'ஹாலோவீன் II' படத்திலே, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் சவின் என்ற சொல் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கும். 1995-இல் வந்த ஆறாவது படத்திலே மைக்கேலுக்கு ட்ரூயிட் குருமார் வழிவந்த சாபம் ஒன்று கற்பிக்கப்பட்டது. அச்சிலே அந்த யோசனை 1979-லேயே நின்றுகொண்டிருந்தது. அதை இலக்கியத் தரத்தில் உயர்ந்த நாவல் என்று நான் சொல்லமாட்டேன். முன்னுரையாக அமைந்த அந்த அயர்லாந்து அத்தியாயம் மட்டும் எந்தத் தொகுப்பிலும் வைக்கத்தக்கது.

இரண்டாம் படத்தையும் மூன்றாம் படத்தையும் நாவலாக்கியவர் ஜாக் மார்ட்டின். இதுவும் ஒரு முகமூடி. இதற்குள் இருந்தவர் டென்னிஸ் எட்சிசன். அமெரிக்கப் பயங்கரச் சிறுகதையின் தலைசிறந்த கலைஞர்களில் ஒருவர். விடியவிடியத் திறந்திருக்கும் கடைகளில் சம்பளத்துக்கு நிற்பவர்கள் உண்மையில் செத்தவர்களே என்று அவர் எழுதிய 'தி லேட் ஷிஃப்ட்' என்னும் சிறுகதையைப் படித்தவர்கள், நடுநிசியில் அப்படியொரு கடைக்குள் முன்போல் நுழையமாட்டார்கள். கார்ப்பென்டரின் 'தி ஃபாக்' படத்தை 1980-இல் நாவலாக்கியபோது தம் சொந்தப் பெயரையே இட்டவர், அடுத்து வந்தவற்றுக்குத் தம் சிறுகதைகளில் அடிக்கடி வரும் ஒரு பாத்திரத்தின் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டார். சிருஷ்டித்தவனே சிருஷ்டியின் முகத்தை அணிந்துகொண்ட இந்த ஏற்பாட்டில், ஹாலோவீன் இரவின் தத்துவம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் படமாகிய 'சீஸன் ஆஃப் தி விட்ச்' மைக்கேல் மையர்ஸே இல்லாத கதை. அதை இயக்கியவர், இரண்டு டாலருக்குக் குறைவாக முகமூடி வாங்கி வந்த அதே டாமி லீ வாலஸ். கதையும் முகமூடிகளைப் பற்றியதே: சில்வர் ஷாம்ராக் என்னும் கம்பெனி, பரங்கிக்காய், மண்டை ஓடு, சூனியக்காரி என்று மூன்றுவித முகமூடிகளை நாடெங்கும் குழந்தைகளுக்கு விற்று, பண்டிகை இரவில் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றின் மூலம் அக்குழந்தைகளைப் பலிகொள்ளத் திட்டமிடுகிறது. அந்த முகமூடிகளைப் படத்துக்குச் செய்து கொடுத்ததும் டான் போஸ்ட் ஸ்டூடியோவே. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி படம் வெளிவந்தது. அப்போது அமெரிக்கா ஒரு மெய்யான பீதியில் இருந்தது. சிக்காகோ வட்டாரத்தில் டைலனால் மாத்திரையில் யாரோ ஸயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிள்ளைகளை மிட்டாய் வாங்க அனுப்பலாமா என்று ஊர் ஊராக விவாதம் நடந்தது. கடையில் வாங்கும் பொருளுக்குள் மரணம் இருக்கலாம் என்ற அந்தக் கதை, அந்த மாதத்துக்கென்றே எழுதியது போலிருந்தும், மைக்கேலை எதிர்பார்த்து வந்த ஜனங்கள் ஏமாந்து கைவிட்டார்கள். இன்று அதன் மதிப்பு உயர்ந்திருக்கிறது. எட்சிசனின் புத்தகத்தைத் தேடி வாங்குபவர்களும் பெருகியிருக்கிறார்கள்.

மூன்றாவது முகமூடிக்குப் பின்னால் இருந்தவர் பெயரைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். 'டெக்ஸஸ் செயின் ஸா மாஸக்கர்' என்னும் 1974-ஆம் ஆண்டுப் படத்தால் புகழ்பெற்ற டோப் ஹூப்பர், 'தி ஃபன்ஹவுஸ்' என்றொரு படம் எடுத்தார். திருவிழாப் பொருட்காட்சியின் பேய்வீட்டில் இரவு தங்கிவிட்ட இளைஞர் நால்வரின் கதை. அதன் நாவலை எழுதிய ஓவன் வெஸ்ட், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டீன் கூன்ட்ஸ். திரைக்கதையில் இருந்த சரக்கு நாவலில் ஒரு சிறு பகுதிக்கே போதுமானதாக இருந்தபடியால், அவர் கதாநாயகியின் தாயினுடைய இளமைக்குப் போனார். பொருட்காட்சிக்காரன் ஒருவனை மணந்து, விகாரமான ஒரு சிசுவைப் பெற்று, அதைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு ஓடிப்போன ஒருத்தி. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக்கொண்டே அவள் பிள்ளைகளைத் தேடுகிற அந்தக் கணவன். இவ்வளவும் படத்தில் இல்லாதது. படம் தாமதப்பட்டு 1981-இல் வெளிவர, நாவல் 1980-லேயே வந்து நன்றாக விற்றது. பேய்வீட்டில் நடக்கும் கொலைகள் புத்தகத்தின் கடைசிப் பகுதிதான். அதற்கு முன்னால் இருப்பது, குற்ற உணர்ச்சியால் குடித்துக் குடித்துத் தன் குழந்தைகளையே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் ஒரு தாயின் சரித்திரம். படத்தைவிட நாவல் மேலானது என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்க உதாரணம் இது.

'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையைப் பற்றி நீட்டிச் சொல்ல அவசியமில்லை. 1980-இல் வந்த முதல் படத்தில் கொலையாளி ஜேஸன் அல்லன், அவனுடைய தாய் என்பதும், இரண்டாம் படத்தில் அவன் தலையில் சாக்குத்துணி மூடி வந்தான் என்பதும், அவனுக்கு உலகப் புகழ் தந்த ஐஸ் ஹாக்கிக் காவல்காரரின் முகக்கவசம் 1982-இல் வந்த மூன்றாம் படத்திலேதான் கிடைத்தது என்பதும் ரசிகர்கள் அறிந்தவை. அம்மூன்றாம் படத்தைத் துப்பறியும் நாவலாசிரியர் மைக்கேல் அவலோன் நாவலாக்கினார்; அவர் புத்தகத்தின் முடிவு, திரையில் வந்த முடிவன்று. 1986-ஆம் ஆண்டு முதல் சைமன் ஹாக் என்பவர் ஆறாம் படத்தையும், பிறகு பின்னோக்கிப் போய் முதல் மூன்று படங்களையும் எழுதினார். ஆறாம் படத்தின் நாவலில் ஜேஸனின் தந்தை இலையாஸ் தோன்றுகிறார். திரைக்கதையில் இருந்து, படத்தில் இடம்பெறாமலே போன பாத்திரம் அவர். திரையில் தந்தையற்று நிற்கும் அந்தப் பிள்ளைக்கு, காகிதத்தில் மாத்திரம் ஒரு தந்தை இருக்கிறார்.

1980-களின் பிற்பகுதியில் வீட்டுக்கு வீடு வீடியோக் கருவி வந்துவிட்டது. வாடகைக்கு நாடா கிடைக்கும்போது நாவல் எதற்கு என்று பிரசுரகர்த்தர்கள் கைவிடத் தொடங்கினார்கள். விற்றவையும் காகிதம் பழுத்து, முதுகு பிளந்து, பழைய புத்தகக் கடைகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. பல வருஷங்களுக்குப் பிறகே அவற்றின் அருமை உணரப்பட்டது. சில்லறைக் காசுக்கு விற்ற கர்ட்டிஸ் ரிச்சர்ட்ஸின் நாவல், பழம்பிரதி சேகரிப்போரிடையே அதன் பழைய விலையைப் பன்மடங்கு தாண்டிப் போயிற்று. 2018-இல் மைக்கேல் மையர்ஸ் மறுபடி திரைக்கு வந்தபோது நாவலும் கூடவே வந்தது. எழுதியவர் ஜான் பாஸரெல்லா. 2021-இல் வந்த 'ஹாலோவீன் கில்ஸ்' நாவலை எழுதியவர் டிம் வாகனர். இருவரும் தம் சொந்தப் பெயரையே அட்டையில் போட்டுக்கொண்டார்கள். ஒளிந்துகொள்ளவேண்டிய தொழில் இது என்ற எண்ணம் இவர்களிடம் இல்லை. நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாறுதலை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு அக்டோபர் கடைசியில் இப்படங்களில் ஒன்றைப் பார்க்க உட்காருகிறவர்கள், அதன் நாவல் கைக்குக் கிடைக்குமானால் முதலில் அதைப் படித்துவிட்டுப் பிறகு படத்தைப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் படிக்கமுடியும் என்பவர்களுக்கு ஓவன் வெஸ்டின் 'ஃபன்ஹவுஸ்' நாவலைச் சொல்வேன். அட்டையில் உள்ள பெயரோடு நின்றுவிடாமல், எழுதியவர் யார் என்று அறிந்து அவருடைய மற்றப் புத்தகங்களையும் தேடுங்கள். எட்சிசனின் சிறுகதைகளை அப்படித் தேடி அடைந்தவர்கள் எவரும் வருந்தியதில்லை. கனவிலே வந்து கொல்லும் ஃபிரெட்டி க்ரூகரின் வரலாற்றையும், உறக்கத்திலேயே இறந்துபோன அகதிகளைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளிலிருந்து வெஸ் க்ரேவன் அவனை உருவாக்கிய விதத்தையும், ஜெஃப்ரி கூப்பர் 1987-இல் முதல் மூன்று படங்களை ஒரே புத்தகமாக எழுதியபோது மூன்றாவது கதை திரையில் கண்டதற்கு வெகுவாக வேறுபட்டு அமைந்த காரணத்தையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)